டெல்டாவில் கல்லூரிப் பெண்களுக்குத் தடகளப் பயிற்சியாளர் ஆக: படிப்பு, சான்றிதழ், மைதானம், மழை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம், திருச்சி என்று டெல்டா முழுக்கப் பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன. ஓடக்கூடிய, தாண்டக்கூடிய, எறியக்கூடிய பெண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவிக்க வர விரும்பும் பலர், எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று தெரியாமலேயே முதல் சில வருடங்களைத் தொலைத்துவிடுகிறார்கள். அந்த வருடங்களை மிச்சப்படுத்தவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பதவி வேறு, பயிற்சி வேறு. கல்லூரி உங்களை வேலைக்கு எடுப்பது உடற்கல்வி இயக்குநராக, அதாவது எல்லாரும் சொல்லும் பி.டி. மேடமாக. மாணவிக்குத் தேவைப்படுவதோ பயிற்சியாளர். பதவிக்கு எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலைப் பட்டம்), நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) வேண்டும். பயிற்சிக்கு என்ஐஎஸ் (தேசிய விளையாட்டு நிறுவனம்) அல்லது தடகளக் கூட்டமைப்பின் சான்று வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சமாளிக்க முடியாது. இரண்டையும் வரிசையாக வாங்கத் திட்டமிடுங்கள்.

1. படிப்பு: எந்த வழியில் போனால் எத்தனை வருடம்

பிளஸ் டூ முடித்த கையோடு வருபவருக்குச் சுருக்கமான வழி, மூன்று வருட உடற்கல்விப் பட்டப்படிப்பு, அதன்பின் இரண்டு வருட எம்.பி.எட். மொத்தம் 5 வருடம். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர் இரண்டு வருட பி.பி.எட். (பட்டத்துக்குப் பின் படிக்கும் உடற்கல்விப் பட்டம்), இரண்டு வருட எம்.பி.எட். என்று பட்டத்துக்கு மேல் 4 வருடம் ஒதுக்க வேண்டும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், நந்தனம் ஒய்எம்சிஏ கல்லூரி ஆகியவை டெல்டா மாணவிகள் வழக்கமாகப் போகும் இடங்கள்.

சேருமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அந்தக் கல்லூரியின் பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புக்கு என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்பது முதலாவது. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். இரண்டாவது மதிப்பெண். எம்.பி.எட். தேர்ச்சி பெற்றால் போதாது, 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (வசதி மிகுந்த பிரிவில்) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு உடற்கூறியல், ஆராய்ச்சி முறையியல், புள்ளியியல் தாள்களில் கோட்டைவிட்டு 54-இல் நிற்பவர்கள் ஏராளம். அந்த ஒரு சதவீதம் பிறகு எந்த அனுபவத்தாலும் ஈடாகாது.

2. நெட்: பாடத்தை விடச் சான்றிதழில் விழுபவர்கள் அதிகம்

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள் கேட்பவை: 55 சதவீதத்துடன் முதுகலைப் பட்டம், நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பி.எச்டி., போட்டிகளில் பங்கேற்ற சான்று, உடற்தகுதித் தேர்வில் தேர்ச்சி. நெட் தேர்வில் உடற்கல்விக்கான பாட எண் 47. தாள் ஒன்றில் 50 கேள்வி, தாள் இரண்டில் 100 கேள்வி, இரண்டும் சேர்த்து 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஒரு கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வாருங்கள். எம்.பி.எட். இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். வேலை தேடத் தொடங்கிய பிறகு படிக்கலாம் என்று தள்ளாதீர்கள். தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் காலை 6 மணிக்கு மைதானம், மாலையிலும் மைதானம். படிக்க எங்கே நேரம்?

2024, 2025 அறிவிப்புகளில் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராத ஓபிசி) மற்றும் இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்தோர்) பிரிவுக்கு 600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 325.

நம் ஊர்ப் பெண்கள் அதிகம் விழும் குழி சாதிச் சான்றிதழ். கையில் இருக்கும் பிசி அல்லது எம்பிசி சான்றிதழ் மாநில வேலைகளுக்குச் சரி. நெட் மத்திய அளவிலான தேர்வு என்பதால் அங்கே கேட்பது ஓபிசி சான்றிதழ். அதை இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். குடும்பம் கிரீமி லேயரில் வரவில்லை என்பது அதில் இருக்க வேண்டும், தேதியும் புதிதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அறிவிப்பு வந்தபின் ஓடினால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டுவதற்குள் கடைசி நாள் போய்விடும்.

3. உடற்தகுதித் தேர்வும் போட்டிச் சான்றும்

பெண்களுக்கு 8 நிமிட ஓட்டம் அல்லது நடை. 30 வயது வரை 1,000 மீட்டர், 40 வரை 800, 45 வரை 600, 50 வரை 400. தடகளம் செய்த ஒருவருக்கு இது பெரிய காரியம் இல்லை. ஆனால் மருத்துவச் சான்று இல்லாமல் ஓடவிட மாட்டார்கள். பதிவு பெற்ற மருத்துவரிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிச் சான்றைப் பொறுத்தவரை, நீங்கள் மாணவியாக இருந்தபோது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கலந்துகொண்டதும் கணக்கில் வரும். பதக்கம் கட்டாயமில்லை. பல்கலைக்கழக அணியிலோ மாநில அணியிலோ ஆடியிருந்தால் இன்னும் நல்லது. அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கம் சரிபார்ப்பு முத்திரை போட முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வெள்ளம் வரும் ஊர்களில் வீடு இருந்தால் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

4. பயிற்சியாளர் சான்று

பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தை எல்லாரும் என்ஐஎஸ் என்றே சொல்கிறோம். அங்கே இரண்டு வகைப் படிப்பு இருக்கிறது. ஒன்று ஒரு வருட டிப்ளமோ. இதைப் பெங்களூரிலும் நடத்துகிறார்கள், நம் பகுதியிலிருந்து போய்வர அது வசதி. இன்னொன்று ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு, வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி வரும்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: வயதும் வீட்டு நிலையும் இடம் கொடுத்தால் டிப்ளமோவுக்கே போங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையப் பயிற்சியாளர், கேலோ இந்தியா மையங்கள் போன்ற வேலைகளுக்கு அறிவிப்பு வரும்போது முதலில் பார்க்கப்படுவது அதுதான். ஆறு வாரச் சான்று ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தன் கையை வலுப்படுத்திக்கொள்ள உதவும். அதை மட்டும் நம்பி வேலைக்கு அலையாதீர்கள்.

இந்தியத் தடகளக் கூட்டமைப்பும் நிலை வாரியாகப் பயிற்சியாளர் வகுப்புகள் நடத்துகிறது. மாவட்டத் தடகளச் சங்கத்தோடு தொடர்பில் இருந்தால்தான் அந்த அறிவிப்பு நேரத்துக்கு உங்கள் காதில் விழும். கூட்டமைப்பில் பயிற்சியாளராகப் பதிந்துகொள்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.

5. முதல் வேலை: கையெழுத்துப் போடும் முன்

அரசுக் கல்லூரிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம். உதவிபெறும் கல்லூரிக்கு நிர்வாகம் எடுத்து, கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் ஒப்புதல் தரும். சுயநிதிக் கல்லூரியில் செயலாளரும் முதல்வரும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். யுஜிசி ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதியில் அதை எதிர்பார்க்காதீர்கள், பல இடங்களில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பெரும்பாலோரின் தொடக்கம் அங்கேதான் என்பதால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

பணி ஆணை எழுத்தில் வேண்டும். அதில் பதவிப் பெயர் "உடற்கல்வி இயக்குநர்" என்று இருக்க வேண்டும். "விளையாட்டு ஒருங்கிணைப்பாளர்", "உதவியாளர்" என்று போட்டால் பின்னால் அனுபவக் கணக்கில் சிக்கும். சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். கல்லூரி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் வழக்கத்துக்குத் தலையசைத்தால், நெட் சான்று சரிபார்ப்புக்கோ அரசு வேலைக்கோ கூப்பிடும்போது கெஞ்ச வேண்டியிருக்கும். வேலையை விடும்போது அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி என்பவை இருக்கட்டும். அதற்கு இணை இயக்குநரின் மேலொப்பம் தேவைப்படலாம். விலகிய உடனே வாங்குங்கள். முதல்வர் மாறிவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடுவார் இல்லை.

சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வருட விளையாட்டு நிதி எவ்வளவு, அதில் தடகளத்துக்கு எவ்வளவு? கல்லூரி கபடியையும் வாலிபாலையும் நம்பி இருந்தால், குண்டும் ஈட்டியும் வாங்க உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. சேர்வதற்கு முன் கேட்டால் மரியாதையாகப் பதில் வரும்.

6. மாணவிகளைத் தேடுவது

ஜூலையில் வகுப்பு தொடங்கியபின் "யாருக்கு ஓட வரும்" என்று அறிவிப்பு ஒட்டினால் மூன்று பேர் வருவார்கள். தேடல் அதற்கு முந்தைய வருடமே தொடங்க வேண்டும். பள்ளிகளின் குறுவட்டப் போட்டி, மாவட்ட அளவிலான குடியரசு தினத் தடகளப் போட்டி இரண்டுக்கும் போய் உட்காருங்கள். முதல் மூன்று இடத்தோடு நிறுத்தாமல், நான்காவது ஐந்தாவதாக வந்த பிளஸ் டூ மாணவிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முறையான பயிற்சியே இல்லாமல் வெறுங்காலில் ஐந்தாவது வந்த பெண், இரண்டு வருடத்தில் பல்கலைக்கழக அணிக்கு வரக்கூடியவள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி, அவர் வழியாகப் பெற்றோரிடம் போங்கள். நேராக மாணவியின் செல்பேசிக்குக் கூப்பிடாதீர்கள்.

வீட்டில் மூன்று கேள்வி வரும். எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்? வெளியூர் போனால் கூட யார்? இதனால் வேலை கிடைக்குமா? மூன்றாவதற்கு உண்மையான பதில் இருக்கிறது: தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் எந்த அளவுப் போட்டி, எந்தப் படிவம் என்பதைப் பொறுத்தே அது செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஓடினால் போலீஸ் வேலை நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதல் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) ஜோடி 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும் என்பதால், வீட்டுக்குப் பாரம் இல்லாமல் எப்படி வாங்கலாம் என்று பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

7. மைதானத்தில் 200 மீட்டர் டிராக் போடுவது

பல கல்லூரிகளில் 400 மீட்டருக்கு இடம் இருக்காது. 95 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் இருந்தால் நான்கு பாதையுள்ள 200 மீட்டர் டிராக் போட்டுவிடலாம். நேர்ப்பகுதி 50 மீட்டர், உள்வளைவின் ஆரம் 15.72 மீட்டர், பாதை அகலம் 1.22 மீட்டர். உள்ளே தடுப்புக்கட்டை இல்லாமல் கோடு மட்டும் இருந்தால், கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓட்டத் தூரத்தை அளக்க வேண்டும். இந்த ஆரம் அதற்கான கணக்கு.

மைதானத்தின் நடுக்கோட்டில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் செங்கோணத்தில் இருபுறமும் 15.72 மீட்டர் அளந்து மொத்தம் நான்கு மூலை குறியுங்கள். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் 59.06 மீட்டர் வர வேண்டும். வரவில்லை என்றால் செங்கோணம் தப்பு. அதைச் சரிசெய்யாமல் வளைவு போடாதீர்கள். வளைவுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். கம்பியோ இரும்பு டேப்போ பயன்படுத்துங்கள்.

200 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் பாதையின் தொடக்கக் கோடு 7.67 மீட்டர் முன்னால் வரும். மூன்றாம் பாதைக்கு 15.33, நான்காம் பாதைக்கு 23 மீட்டர். புத்தகத்தில் இரண்டாம் பாதைக்கு 7.04 என்று பார்த்துவிட்டு அதையே போடுபவர்கள் உண்டு. அந்த எண் உள்ளே உயர்ந்த தடுப்புக்கட்டை உள்ள டிராக்குக்கு. அங்கே முதல் பாதையை 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பதால் வரும் வித்தியாசம் அது.

கோடு போட சாக் பவுடர் வாங்குங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீற்றாத சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். முளை இரண்டையும் சிமெண்ட் போட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே நிலையாக வைத்துவிட்டால், மழை கோட்டை அழித்தாலும் அரை நாளில் திரும்பப் போடலாம்.

சாமான்களில் முதலில் வாங்க வேண்டியவை: 4 கிலோ குண்டு, 1 கிலோ வட்டு, 600 கிராம் ஈட்டி, 50 மீட்டர் இரும்பு டேப், இரண்டு ஸ்டாப் வாட்ச், இரண்டு ஸ்டார்ட்டிங் பிளாக், ரிலே பேட்டன் இரண்டு. ஹர்டில்ஸ் விலை அதிகம். அதைப் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் மோதினால் முன்னால் சாயும்படி அடிப்பாகம் இருக்க வேண்டும், சாயாத ஹர்டில் முழங்காலை உடைக்கும். போட்டி உயரம் 100 மீட்டர் ஹர்டில்ஸுக்கு 83.8 சென்டிமீட்டர். புதிதாகப் பழகுபவருக்கு 76.2-இல் தொடங்கி, 8.5 மீட்டர் இடைவெளியையும் சற்றுக் குறைத்துக் கொடுங்கள். உள்ளூரில் வாங்கும் குண்டை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் குறைந்த குண்டில் வருடம் முழுக்க எறிந்த பெண் போட்டி அன்று ஏமாந்துபோவாள்.

8. மழைக்கும் கடைசி பஸ்ஸுக்கும் ஏற்ற அட்டவணை

டெல்டாவில் பயிற்சித் திட்டம் போடுவதில் உள்ள உண்மையான சிக்கல் இது. பாட்டியாலாவிலோ பெங்களூரிலோ கற்றுக்கொண்ட வருடாந்திரத் திட்டத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. அதாவது மாணவி உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் மைதானம் குளமாகக் கிடக்கும்.

ஆகவே ஓட்ட வேலையை முன்னால் இழுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அடிப்படைத் தாங்குதிறன், பொதுவான உடல் வலு. செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை மைதானத்தில் வேக வேலை, ரிலே பேட்டன் மாற்றம், தாண்டுதலின் ஓட்ட அளவு. மழை பிடித்தபின் படிக்கட்டு ஏற்றம், வராந்தாவில் ஹர்டில் டிரில், மெடிசின் பால், சர்க்யூட். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தாவது வாரம் ஒரு நாள் திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் போன்ற சிந்தெடிக் டிராக்குக்கு அழைத்துப்போக அனுமதியும் பஸ் செலவும் ஜூலையிலேயே கேட்டு வையுங்கள். களிமண்ணில் மட்டும் ஓடிய பெண் முதல் தடவையாகச் சிந்தெடிக்கில் முழு வேகத்தில் ஓடினால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஸ்பைக்ஸ் ஆணியும் வேறு. சிந்தெடிக்கில் பெரும்பாலான போட்டிகளுக்கு 9 மில்லிமீட்டர்தான் உச்சவரம்பு. மண் டிராக்கில் போடும் நீள ஆணியோடு போனால் போட்டிக்கு முன் அழைத்துச் சரிபார்க்கும் அறையிலேயே (கால் ரூம்) நிறுத்திவிடுவார்கள்.

நம் களிமண் தரையில் ஈரம் காயாமல் ஓடவிடாதீர்கள். காலடிக் குழிகள் அப்படியே இறுகி, வெயில் வந்ததும் கணுக்காலைப் பிசகவைக்கும் பள்ளங்களாகும். மைதானத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு வடிகால் வெட்ட செப்டம்பரிலேயே ஆள் பிடியுங்கள். ஐப்பசியில் கேட்டால் ஆளும் கிடைக்காது, வெட்டிய மண்ணும் சேறாகத்தான் இருக்கும்.

நேரம்: விடுதி மாணவிகளுக்குக் காலை 6 முதல் 7.30 வரை. பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், ஒரத்தநாடு என்று சுற்றுப்புறத்திலிருந்து வந்து போகிறவர்களுக்கு மாலைதான். அதுவும் டவுன் பஸ்ஸைப் பொறுத்தது. ஒவ்வொருவரின் பஸ் எண்ணும் நேரமும் எழுதிய தாளை உங்கள் அறையில் ஒட்டி வையுங்கள். பயிற்சியைப் பஸ்ஸுக்கு 25 நிமிடம் முன்பு முடியுங்கள். ஒரே ஒரு நாள் பெண் இருட்டியபின் வீடு போய்ச் சேர்ந்தால் மறுநாளிலிருந்து அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நேரம் குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. கையால் ஸ்டாப் வாட்சில் எடுக்கும் நேரம் எப்போதும் சாதகமாகவே வரும். 100, 200 மீட்டருக்கு 0.24 நொடி, 400-க்கு 0.14 நொடி சேர்த்தால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட முடியும். 12.9 என்று மகிழ்ந்து கூட்டிப்போன பெண் அங்கே 13.14 ஓடி அழுவது, அவள் மோசமாக ஓடியதால் அல்ல.

9. ரத்தசோகை, மாதவிடாய், மருந்து

மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது, நேரம் முன்னேறவில்லை என்று ஒரு பெண் சொன்னால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. ஜூலையில் எல்லாருக்கும் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடல் நன்றாக ஏற்கும். காலையில் காபியைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு வருவது இங்கே பரவலான பழக்கம். முதல் வாரமே இதைப் பேசிவிடுங்கள். வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, கொண்டைக்கடலை, வாழைப்பழம்: விடுதி மெஸ்ஸோடு பேசி இவற்றை ஏற்பாடு செய்யலாம். விலை உயர்ந்த புரோட்டீன் டப்பா எதுவும் தேவையில்லை.

மாதவிடாய்த் தேதியை ஒவ்வொருவரும் தானே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் அதைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் மூன்று மாதம் வராமல் போனால் உங்களிடம் சொல்ல வேண்டும், மருத்துவரிடம் போக வேண்டும் என்பது பேச்சு. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது இது நிற்கும், எலும்பும் பலவீனமாகும். "ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலுதவிப் பெட்டியில் நாப்கின் எப்போதும் இருக்கட்டும்.

ஊக்கமருந்து விஷயத்தில் தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். எதை விழுங்குவதற்கு முன்பும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் நோ யுவர் மெடிசின் செயலியில் தேடிப் பாருங்கள். இன்னொன்று நம் பக்கத்தில் ரொம்பச் சகஜம்: சோர்வாக இருக்கிறது என்று கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக இல்லாதவரை, விதிமீறல். போட்டிக்கு முந்தைய வாரம் இதைப் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.

10. தகுதிப் படிவம்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் தகுதிப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கோப்பு: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், முந்தைய வருட மதிப்பெண், ஆதார், கல்லூரி அடையாள அட்டை, சேர்க்கைச் சான்று, புகைப்படம் ஆறு. அகில இந்தியப் போட்டிக்கு ஜூலை 1 அன்று 17 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். முழுநேர மாணவியாக இருக்க வேண்டும், தொலைநிலைக் கல்வி செல்லாது. படிப்பில் இடைவெளி விட்டவர்களின் வருடக் கணக்கைச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே கழுத்தை நெரிப்பது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "கவிதா ஆர்", ஆதாரில் "கவிதா ராமசாமி", அடையாள அட்டையில் "ஆர். கவிதா". மூன்றும் ஒரே பெண் என்று நமக்குத் தெரியும். வெளிமாநிலத்தில் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரில் திருத்தம் தேவைப்பட்டால் ஆகஸ்டுக்குள் முடியுங்கள்.

11. அணியோடு பயணம்

மூடுபித்ரி, புவனேஸ்வரம் போன்ற ஊர்களில் அகில இந்தியப் போட்டி நடந்திருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். இடம், தேதி உறுதியானதும் அன்றே முன்பணத்துக்குக் கடிதம் கொடுங்கள். கல்லூரியில் காசோலை கையெழுத்தாக ஒரு வாரம் பிடிக்கும்.

பெண்கள் அணியோடு பெண் பொறுப்பாளர் கட்டாயம். அந்த இடத்துக்கு முதல்வர் யாரை அனுப்புகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம் தொலைபேசி எண்ணோடு வேண்டும். முதலாண்டு மாணவிகளில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் போக்சோ சட்டம் பொருந்தும். கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுத் தலைவரின் எண்ணை எல்லா மாணவிகளும் வைத்திருக்க வேண்டும். உங்கள் மீதே புகார் வந்தாலும் அவர்கள் போக ஒரு இடம் இருக்க வேண்டும். தொட்டுத் திருத்த வேண்டிய இடங்களில் முதலில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மசாஜை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள்.

பையில்: எண் அட்டைக்கு ஆளுக்கு எட்டு ஊக்கு, மாற்று ஸ்பைக்ஸ் ஆணி, அதைத் திருகும் சாவி, டேப், அசல் அடையாள அட்டைகள் உங்கள் கையில். சீருடை நனைந்தாலும் உள்ளே தெரியாத துணியாக இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. வெள்ளைத் துணி தைக்கக் கொடுக்காதீர்கள். ஓட்டத்தில் ஒரே ஒரு தவறான தொடக்கத்துக்கும் வெளியேற்றம்தான். முடிவில் ஆட்சேபம் இருந்தால் அறிவிப்பு வந்த 30 நிமிடத்துக்குள் எழுப்ப வேண்டும். முடிவு ஒட்டும் பலகையின் அருகே ஒரு மாணவியை நிறுத்தி வையுங்கள்.

12. திரும்பி வந்த வாரம்

முதல் மூன்று நாளில் கணக்கு. ரயில் டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒட்டி, பயணப்படியில் ஒவ்வொரு மாணவியின் கையெழுத்தும் வாங்கி, மீதிப் பணத்தை ரசீது பெற்றுக் கட்டுங்கள். முந்தைய முன்பணம் தீராமல் அடுத்ததைத் தர மாட்டார்கள். ஆட்டோவுக்கு ரசீது வராது. அதற்கு உங்கள் கையொப்பமிட்ட செலவுச் சீட்டை ஏற்பார்களா என்று கிளம்புமுன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து படிவம் 3. பல்கலைக்கழக அணிக்காக ஆடிய ஒவ்வொரு பெண்ணுக்கும் விளையாட்டு இடஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது தேவைப்படும் படிவம் இதுதான். பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இதில் கையெழுத்திட வேண்டியவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அலுவலர். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டால் செல்லாது. மாணவி படிப்பை முடித்து, கல்யாணமாகி வேறு ஊர் போய், ஐந்து வருடம் கழித்து வந்து கேட்டால் போட்டிப் பதிவேட்டைத் தேடுவது பெரும்பாடு. பங்கேற்புச் சான்றின் நகல், அணிப் பட்டியலின் நகல், நிரப்பிய படிவம் மூன்றையும் ஒரே உறையில் வைத்து, பெண்கள் பெயர் வாரியாக நீங்களே பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள். பொங்கல் விடுமுறைக்கு முன் போனால் அலுவலர் இருக்கையில் இருப்பார்.